ஐந்து அம்புகள்: லூதர் ஸ்டாண்டிங் பேர் சிறுவர்களுக்காக எழுதியது

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

சிலருக்கு இது காலை, சிலருக்கு நள்ளிரவு. தூக்கத்தைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் நண்பர்களுக்கு என் தனிப்பட்ட நன்றி.

நம்மில் பலருக்குச் 'செவ்விந்தியர்' என்ற சொல் அறிமுகமானது லயன் காமிக்ஸ் வழியாகத்தான். டெக்ஸ் வில்லர் குதிரையில் வருவார், பாறைக்குப் பின்னால் இறகு அணிந்த தலைகள் தெரியும். அந்தக் கதைகளை நானும் விரும்பிப் படித்தவன். ஆனால் இறகு அணிந்த அந்த மனிதர் தன் பிள்ளைக்கு என்ன கதை சொல்லியிருப்பார் என்று அந்த வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரு லகோட்டா எழுத்தாளரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். அவர் பெயர் லூதர் ஸ்டாண்டிங் பேர்.

முதலில் பெயர்களைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். 'சூ' என்று வரலாற்று நூல்கள் குறிப்பிடும் பெரிய மக்கள் கூட்டத்தில் மேற்குப் பகுதியினர் லகோட்டாக்கள். 'சூ' என்பது பிறர் வைத்த பெயர். 'லகோட்டா' அவர்களே தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர். இன்றைய தெற்கு டகோட்டா, வடக்கு டகோட்டா, நெப்ராஸ்கா, வயோமிங், மொன்டானா மாநிலங்களில் பரந்து கிடக்கும் புல்வெளிகள் அவர்களுடைய நிலம். காட்டெருமை அவர்களுடைய உணவு, உடை, கூடாரம் எல்லாம்.

ஸ்டாண்டிங் பேர் தாம் பிறந்ததாகச் சொல்லும் ஆண்டு 1868. அதே ஆண்டில்தான் ஃபோர்ட் லாரமி என்ற இடத்தில் அமெரிக்க அரசும் லகோட்டாக்களும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிளாக் ஹில்ஸ் மலைகள் உட்பட ஒரு பெரும் பரப்பு லகோட்டாக்களுக்கே உரியது என்றது அந்த ஒப்பந்தம். 1874இல் கஸ்டர் தலைமையில் போன படை அந்த மலைகளில் தங்கம் இருப்பதாக அறிவித்தது. 1876இல் லிட்டில் பிக்ஹார்ன் ஆற்றங்கரைப் போரில் கஸ்டர் கொல்லப்பட்டார். 1877இல் பிளாக் ஹில்ஸ் பறிக்கப்பட்டது. ஒரு சிறுவன் பிறந்து ஒன்பது வயதாவதற்குள் இத்தனையும் நடந்து முடிந்துவிட்டது. (இந்தப் பறிப்புக்கு இழப்பீடாக 10 கோடி டாலருக்கு மேல் தரவேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1980இல் தீர்ப்பளித்தது. எங்களுக்குப் பணம் வேண்டாம், மலை வேண்டும் என்று சொல்லி லகோட்டாக்கள் அதை இன்றுவரை வாங்கவில்லை.)

அந்தச் சிறுவனின் அப்போதைய பெயர் ஓட்டா க்டே. 'நிறையக் கொன்றவன்' என்று பொருள். தந்தையின் வீரத்தை நினைவுகூர்ந்து வைத்த பெயர் அது. தந்தையின் பெயர் மதோ நாஜின், அதாவது நின்றிருக்கும் கரடி. 'ஸ்டாண்டிங் பேர்' என்பது அதன் ஆங்கில வடிவம்.

ஓட்டா க்டே தன் முதல் காட்டெருமையைக் கொன்ற கதையை அவரே எழுதியிருக்கிறார். பெரியவர்களோடு வேட்டைக்குப் போகிறான். குதிரை மந்தைக்குள் பாய்கிறது. பயத்தோடு அம்பு எய்கிறான். விலங்கு விழ ஐந்து அம்புகள் தேவைப்படுகின்றன. நல்ல வேட்டைக்காரன் ஓர் அம்பில் வீழ்த்துவான். சுற்றிலும் யாரும் இல்லை. நான்கு அம்புகளைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒரே அம்பில் கொன்றேன் என்று சொன்னால் என்ன என்று ஒரு கணம் தோன்றுகிறது. பிறகு அப்பாவிடம் உள்ளதைச் சொல்வது என்று முடிவு செய்கிறான், சொல்கிறான். 1931இல் வெளியான 'மை இந்தியன் பாய்ஹுட்' என்ற சிறுவர் நூலில் இது ஓர் அத்தியாயம். இந்த ஐந்து அம்புகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் சிறிது நேரத்தில் இதற்குத் திரும்பி வருவேன்.

1879ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ரிச்சர்ட் பிராட் என்ற ராணுவ அதிகாரி ரோஸ்பட் பகுதிக்கு வந்தார். பென்சில்வேனியாவில் கார்லைல் என்ற ஊரில் கைவிடப்பட்ட ராணுவக் குடியிருப்பில் பூர்வகுடிக் குழந்தைகளுக்கு ஓர் உறைவிடப் பள்ளி தொடங்குவது அவர் திட்டம். குழந்தையிடம் உள்ள இந்தியனைக் கொன்றால் அதற்குள் இருக்கும் மனிதனைக் காப்பாற்றலாம் என்பது அவர் பிற்காலத்தில் வெளிப்படையாகவே சொன்ன கொள்கை. அங்கே போன முதல் அணியில் பதினோரு வயது ஓட்டா க்டேயும் இருந்தான்.

அவன் ஏன் போனான்? படிப்பதற்காக அல்ல. வெள்ளையர்கள் தங்களைக் கிழக்கே கொண்டுபோய்க் கொன்றுவிடுவார்கள் என்றுதான் பிள்ளைகள் நம்பினார்கள். போரில் இறக்கும் வாய்ப்பு இனி இல்லை. எனவே எதிரியின் ஊருக்குத் துணிந்து போவதே தன் வீரம் என்று அந்தச் சிறுவன் நினைத்தான். அப்பா பெருமைப்படுவார் என்று கிளம்பினான். ரயிலில் பெரிய பையன்கள் வீரர்களின் பாடல்களைப் பாடிக்கொண்டே போனார்களாம். வழியில் ஓர் ஊரில் வேடிக்கை பார்க்கக் கூடியவர்கள் பிள்ளைகள் மீது காசுகளை வீசினார்கள். சின்னவர்கள் பொறுக்கத் தொடங்க, பெரியவர்கள் அதைத் திருப்பி எறியச் சொன்னார்கள்.

பள்ளியில் கரும்பலகையில் ஏதோ கோடுகள். ஒவ்வொன்றும் ஒரு வெள்ளைக்காரப் பெயர், ஒன்றைத் தேர்ந்தெடு என்று சொல்லிக் கையில் ஒரு குச்சியைக் கொடுக்கிறார்கள். லகோட்டாக்களிடம் ஒரு போர் மரபு உண்டு. எதிரியைக் கொல்வதைவிட, உயிரோடு இருக்கும் எதிரியை நெருங்கிக் கோலால் தொட்டுவிட்டு வருவது பெரிய வீரம். எதிரியைத் தொடப்போகிறவனைப் போலத்தான் அந்தக் குச்சியை நீட்டினேன் என்று எழுதுகிறார். தொட்ட பெயர் லூதர். பிறகு முடியை வெட்டினார்கள். தாய்மொழி பேசத் தடை வந்தது.

அந்தப் பள்ளியில் பல குழந்தைகள் நோயில் இறந்தார்கள். மூன்று ஆண்டுகளில் சமவெளியிலிருந்து வந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்துவிட்டார்கள் என்பது அவர் எழுதிவைத்திருக்கும் கணக்கு. கார்லைல் பள்ளி 1918இல் மூடப்பட்டது. அதன் கல்லறையில் கிடந்த ரோஸ்பட் பிள்ளைகள் ஒன்பது பேரின் எச்சங்கள் 2021 ஜூலையில்தான் சொந்த ஊருக்குத் திரும்பிவந்தன. ஸ்டாண்டிங் பேரோடு ரயிலேறிய தலைமுறைப் பிள்ளைகள் அவர்கள். வீடு வந்துசேர ஏறத்தாழ 140 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

லூதர் உயிரோடு இருந்தார், நன்றாகவும் படித்தார். 1883இல் புரூக்ளின் பாலம் திறக்கப்பட்டபோது அதன் மீது அணிவகுத்துப்போன கார்லைல் பள்ளி இசைக்குழுவில் அவர் இருந்தார். பிலடெல்பியாவில் வானமேக்கர் என்ற பெரிய கடையில் வேலைக்கும் சேர்ந்தார். பள்ளியின் பார்வையில் அவர் ஒரு வெற்றிக் கதை.

1884இல், அங்கே வேலை பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், சிட்டிங் புல் அந்த ஊருக்கு வருவதாக அறிவிப்பு வந்தது. சிட்டிங் புல் லகோட்டாக்களின் மாபெரும் தலைவர். கஸ்டரைக் கொன்றவர் என்று விளம்பரம் செய்து அவரை மேடையேற்றினார்கள். லூதர் டிக்கெட் வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

சிட்டிங் புல் லகோட்டா மொழியில் பேசினார். போர்களின் காலம் முடிந்துவிட்டது, குடியரசுத் தலைவரைப் பார்க்கப் போகிறேன், நம் பிள்ளைகள் கல்வி பெற வேண்டும் என்ற பொருளில் அமைதியாகப் பேசினார். பக்கத்தில் நின்ற வெள்ளைக்கார மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொல்லத் தொடங்கினார். வந்ததோ லிட்டில் பிக்ஹார்ன் போர்க் கதை! பதுங்கியது, வளைத்தது, கொன்றது என்று விலாவாரியாக. கூட்டம் ரசித்துக் கேட்டது. இரண்டு மொழியும் தெரிந்த ஓர் இளைஞன் பார்வையாளர் வரிசையில் இருப்பது மொழிபெயர்ப்பாளருக்குத் தெரியாது. லூதர் ஒன்றும் செய்ய முடியாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வரிசையில் போய்த் தலைவரின் கையைக் குலுக்கினார்.

ஸ்டாண்டிங் பேர் என்ற எழுத்தாளரைப் புரிந்துகொள்ள இந்தக் காட்சியே போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஐந்து அம்பை ஒன்று என்று சொல்லக்கூடாது என்ற வளர்ப்பில் வந்தவர், தன் மக்களின் தலைவர் பேசப் பேச அவர் வாய்ச்சொல் பொய்யாக மாற்றப்படுவதைக் கேட்கிறார். அந்த அரங்கில் அவரால் எழுந்து மறுக்க முடியவில்லை. அதை எழுத்தில் மறுக்க அவருக்கு 44 ஆண்டுகள் பிடித்தன.

இடைப்பட்ட காலத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கார்லைலில் அவருக்குக் கற்றுக்கொடுத்த தொழில் தகர வேலை. ஊருக்குத் திரும்பினால், தகரப் பாத்திரங்களை அரசே இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது, வாங்க ஆள் இல்லை. எனவே ரோஸ்பட்டில் ஆசிரியரானார். அங்கே ஆங்கிலம் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது விதி. பிள்ளைகள் ஆங்கிலப் பாடத்தைக் கிளிப்பிள்ளை போல ஒப்பிப்பார்கள், பொருள் தெரியாது. அவர் தம் வகுப்பில் ஒவ்வொரு சொல்லுக்கும் லகோட்டாவில் பொருள் சொல்லிக்கொடுத்தார். படித்ததைத் தம் மாணவர்களால் தாய்மொழியில் திருப்பிச் சொல்ல முடிந்தது என்பதைப் பெருமையோடு எழுதுகிறார். புலம்பெயர் நாடுகளில் வார இறுதித் தமிழ்ப் பள்ளி நடத்தும் நண்பர்களுக்கு இந்தச் சிக்கல் தலைகீழாகத் தெரிந்திருக்கும். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. நாம் விமானம் ஏறி இன்னொரு மொழிக்குள் போனோம். ஈழத்து நண்பர்கள் போரால் துரத்தப்பட்டுப் போனார்கள். லகோட்டாப் பிள்ளைகளோ சொந்த மண்ணில் இருந்துகொண்டே சொந்த மொழிக்காக அடி வாங்கினார்கள்.

1890 டிசம்பர் 29 அன்று வூண்டட் நீ ஓடைக்கரையில் ராணுவம் பெண்கள், குழந்தைகள் உட்பட நூற்றுக்கணக்கான லகோட்டாக்களைச் சுட்டுக் கொன்றது. கற்றுக்கொண்ட நாகரிகத்தின் மீது அவருக்கு இருந்த நம்பிக்கை அந்த நாட்களில் ஆட்டம் கண்டது. 1902இல் பஃபலோ பில்லின் காட்சிக் குழுவோடு இங்கிலாந்து போனார். 1912இல் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்து மௌனப்படங்களில் நடித்தார். பள்ளியில் இந்தியனாக இருக்கக்கூடாது என்றார்கள், மேடையிலும் திரையிலும் இந்தியனாக நடிக்கக் கூலி கொடுத்தார்கள். திரையில் காட்டப்படும் இந்தியன் சரியானவன் அல்ல என்று அவர் தயாரிப்பாளர்களிடம் சொல்லிப் பார்த்தார். பெரிய மாற்றம் எதுவும் நிகழவில்லை.

அறுபது வயதை நெருங்கும்போது எழுதத் தொடங்கினார். ஆறு ஆண்டுகளில் நான்கு நூல்கள். 1928இல் 'மை பீப்பிள் த சூ' என்ற தன்வரலாறு. சிட்டிங் புல் கூட்டத்தின் கதை இதில்தான் வருகிறது. 1931இல் 'மை இந்தியன் பாய்ஹுட்'. 1933இல் 'லேண்ட் ஆஃப் த ஸ்பாட்டட் ஈகிள்' என்ற பண்பாட்டு நூல். 1934இல் 'ஸ்டோரீஸ் ஆஃப் த சூ' என்ற கதைத் தொகுப்பு. நான்கில் இரண்டு சிறுவர்களுக்கானவை.

ஏன் சிறுவர்கள்? 1931 நூலின் முன்னுரையில் காரணத்தைச் சொல்லிவிடுகிறார். படிக்கும் வெள்ளைக்காரச் சிறுவர் சிறுமியர் பூர்வகுடிக் குழந்தைகளிடம் இன்னும் கொஞ்சம் அன்போடு நடந்துகொள்ள வேண்டும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. பெரியவர்களிடம் பல பத்தாண்டுகள் பேசிப் பார்த்துவிட்டார். இனி அடுத்த தலைமுறையிடம் பேசிப் பார்க்கலாம் என்று முடிவெடுத்திருக்கிறார் என்றே நான் வாசிக்கிறேன்.

அந்தச் சிறுவர் நூலில் என்ன இருக்கிறது? வில் செய்ய எந்த மரம், அம்புக்கு எந்தக் குச்சி, குதிரையை எப்படிப் பழக்குவது, எந்தச் செடி எதற்கு மருந்து, என்னென்ன விளையாட்டுகள். 'காட்டுமிராண்டி' என்று பாடப்புத்தகம் சொன்ன சமூகத்தில் ஒரு குழந்தை கற்க வேண்டிய பாடத்திட்டம் இது. 1933 நூலில் இதையே பெரியவர்களுக்கு விளக்குகிறார். லகோட்டாக்கள் பிள்ளைகளை அடிப்பதில்லை. அசையாமல் உட்கார்ந்து பார்க்கவும், முகரவும், கேட்கவும் பழக்குவார்கள். ஒருவர் பேசி முடித்ததும் சிறிது நேரம் மௌனமாக இருந்துவிட்டுப் பதில் சொல்வதுதான் மரியாதை. உணவைப் பகிர்வதும், பிரியமான பொருளைக் கொடுத்துவிடுவதும் பாடத்தின் பகுதிகள். கார்லைலின் மணியோசைக்கும் வரிசைகளுக்கும் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால், எது பள்ளிக்கூடம் என்ற கேள்வி எழும்.

கதைகளுக்கும் அங்கே ஓர் ஒழுங்கு உண்டு. நீண்ட குளிர்கால இரவுகளே கதைக்கான காலம். சிலந்தி வடிவில் வரும் இக்தோமி என்ற ஏமாற்றுக்காரனின் கதைகளைக் கேட்டுச் சிரித்தபடியே பிள்ளைகள் பேராசையின் விளைவைத் தெரிந்துகொள்வார்கள். வரலாற்றுக்கு இன்னொரு வழி இருந்தது. ஒவ்வோர் ஆண்டுக்கும் ஒரு படம் என்று தோலில் வரைந்து வைப்பார்கள். அந்த 'குளிர்காலக் கணக்கை' வைத்திருப்பவர் படத்தைத் தொட்டு அந்த ஆண்டின் கதையைச் சொல்வார். 1833 நவம்பரில் பெய்த எரிகல் மழை பல கணக்குகளில் 'விண்மீன்கள் விழுந்த ஆண்டு' என்று பதிவாகியிருக்கிறது. மொழியிலேயே கூடக் கதை இருக்கிறது. குதிரைக்கு லகோட்டாச் சொல் 'ஷுங்கா வக்கான்', அதாவது புனித நாய். குதிரை வருவதற்கு முன் சுமை இழுத்தது நாய்தான்.

உறவுமுறையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், அது நமக்கு நெருக்கமானது. லகோட்டாவில் அப்பாவும் 'அதெ', அப்பாவின் சகோதரரும் 'அதெ'. அம்மாவும் 'இனா', அம்மாவின் சகோதரியும் 'இனா'. ஆனால் அம்மாவின் சகோதரருக்கும் அப்பாவின் சகோதரிக்கும் தனிச் சொற்கள். நம் பெரியப்பா, சித்தப்பா, பெரியம்மா, சித்தி, மாமா, அத்தை என்ற பகுப்பும் இதுதான்! லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க அறிஞர் ஆற்காட்டில் இருந்த ஒரு மிஷனரி வழியாகத் தமிழ் உறவுமுறைப் பட்டியலைப் பெற்று, இந்த ஒற்றுமையைக் கண்டு வியந்தார். 1871இல் வெளியான அவருடைய பெருநூலில் தமிழும் டகோட்டாவும் இடம்பெற்றிருக்கின்றன. பூர்வகுடிகள் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று அவர் நினைத்தது தவறு. தொடர்பில்லாத சமூகங்களிலும் இத்தகைய முறை உருவாகலாம். ஆனால் அந்த முறையில் வளரும் ஒரு குழந்தைக்கு எத்தனை தாய்கள், எத்தனை தந்தைகள் என்பது நமக்கு விளக்கம் இல்லாமலே புரியும். கார்லைல் ரயிலில் ஏறிய குழந்தை இழந்தது இரண்டு பெற்றோரை மட்டும் அல்ல.

ஸ்டாண்டிங் பேரின் நூல்களில் குறைகள் உண்டு. அவற்றை எழுத அவருக்கு மற்றவர்களின் உதவி இருந்தது. முதல் நூலைப் பதிப்பித்தவர் ஒரு வெள்ளையர், 1933 நூலுக்கு அவருடைய சகோதரி முறை உறவின் மகளும் துணை நின்றார். இளமைக்கால வாழ்க்கையை அவர் சற்றுக் கூடுதலாகவே பொன்னிறமாகத் தீட்டுகிறார் என்று வாசகருக்குத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் சடங்குகளைத் தடைசெய்து 1883இல் அரசு விதிகள் கொண்டுவந்திருந்த நாட்டில், அந்தத் தடைகள் முழுதாக நீங்காத காலத்தில், தம் மக்களின் பெருமையை எழுதியவர் அவர். அந்தப் பொன்னிறத்தை அந்தப் பின்னணியில் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

1933இல் அவர் தம் முடிவைத் தயங்காமல் சொன்னார். இன்று ஒரு குழந்தையை வளர்க்கும் பொறுப்பு தமக்கு வந்தால், இரண்டு வழிகளில் தம் முன்னோர் வழியையே தேர்ந்தெடுப்பேன் என்றார். கார்லைலின் முதல் அணி மாணவர், பள்ளி தன் சாதனையாகக் காட்டிய மனிதர், 54 ஆண்டுகள் கழித்துப் பள்ளிக்குக் கொடுத்த பதில் இது. பொதுப் பள்ளிகளில் பூர்வகுடி வரலாறும் பண்பாடும் கற்பிக்கப்பட வேண்டும் என்று அதே ஆண்டில் அதிபர் ரூஸ்வெல்ட்டுக்கும் எழுதினார். 1939இல் கலிபோர்னியாவில் காலமானார்.

அவர் கதைத் தொகுப்பு வந்த மறு ஆண்டு, 1935இல், லாரா இங்கல்ஸ் வைல்டரின் 'லிட்டில் ஹவுஸ் ஆன் த பிரெய்ரி' வந்தது. உங்களில் பலர் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்திருப்பீர்கள். அதன் முதல் பதிப்பில், அந்தப் புல்வெளியில் மனிதர்களே இல்லை, இந்தியர்கள் மட்டுமே வாழ்ந்தார்கள் என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. அது கதை நடக்கும் கான்சஸ் நிலத்தைப் பற்றிய வரி, அங்கு வாழ்ந்தவர்கள் ஓசேஜ் மக்கள். பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு வாசகர் கடிதம் எழுதிக் கேட்ட பிறகே அது யாருக்கோ உறுத்தியது. 1953 பதிப்பில் 'மனிதர்கள்' என்பதைக் 'குடியேறிகள்' என்று மாற்றினார்கள். ஒருபுறம் குதிரையும் மூலிகையும் பாட்டிகளும் நிறைந்த லகோட்டாச் சிறுவர் நூல், மறுபுறம் மனிதர்களே இல்லாத புல்வெளி. அமெரிக்கக் குழந்தைகளின் அலமாரியில் எது நிலைத்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

ஆனாலும் அந்த வேலை அவரோடு நிற்கவில்லை. அவருடைய பண்பாட்டு நூல் வெளியான அதே 1933இல், அதே ரோஸ்பட்டில் வர்ஜீனியா டிரைவிங் ஹாக் ஸ்னீவ் என்ற பெண் பிறந்தார். பாட்டிமார் சொன்ன கதைகளைக் கேட்டு வளர்ந்தவர். ஆசிரியரானார். 1972இல் 'ஜிம்மி யெல்லோ ஹாக்' என்ற சிறுவர் நாவலை எழுதினார். அதில் வருவது பழங்கால வீரன் அல்ல, ரிசர்வேஷனில் வாழும் இன்றைய பையன். ஸ்டாண்டிங் பேர் வெள்ளைக்காரக் குழந்தைகளின் மனத்தை இளக்க எழுதினார். ஸ்னீவ் எழுதியது, தம்மைப் போன்ற குழந்தைகள் புத்தகத்தைத் திறந்தால் தங்களையே பார்க்க வேண்டும் என்பதற்காக. 2000இல் அமெரிக்க அரசின் தேசிய மானுடவியல் பதக்கம் அவருக்குக் கிடைத்தது. பிறகு 2011இல் ஒரு கரடிக் குடும்பத்தின் கார்ட்டூன் தொடர் லகோட்டா மொழியில் தெற்கு டகோட்டாத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. பேசினால் தண்டனை என்றிருந்த மொழியில் கரடிக் குட்டிகள் பேசுவதை லகோட்டாக் குழந்தைகள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள்.

ஸ்டாண்டிங் பேரை வாசிக்க விரும்பும் நண்பர்கள் 'மை இந்தியன் பாய்ஹுட்' நூலில் தொடங்கலாம். எளிய ஆங்கிலம், பத்து வயதுப் பிள்ளைகளோடு சேர்ந்தே படிக்கலாம். அந்தக் காட்டெருமை அத்தியாயத்தைப் படிக்கும்போது, அதை எழுதியவர் பிலடெல்பியா அரங்கில் உட்கார்ந்து பொய் மொழிபெயர்ப்பைக் கேட்டவர் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்விகளுக்கு வருவோம்.